மனநோய் உள்ளவருக்காகப் பேசப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் எங்கே, எப்படித் தொடங்குவது

மனநோய் உள்ள ஒருவருக்கு நியாயம் கேட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே ஒரு பிழை செய்துவிடுகிறார்கள். அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசிவிடுவார்கள்: அண்ணனிடம், வார்டு உறுப்பினரிடம், பங்குத்தந்தையிடம், ஸ்டேஷன் ஏட்டிடம். ஒரு வாரம் கழித்துத்தான் அவருடைய தேவை வேறு என்று தெரியவரும். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டு அலைந்துகொண்டிருப்பீர்கள். அவருக்கோ நின்றுபோன ரப்பர் பால்வெட்டு வேலையும், தம்பி வாங்கி வைத்துக்கொண்ட ஏடிஎம் கார்டும்தான் கவலை.

ஆகவே முதல் வேலை, அவர் பக்கத்தில் போய் உட்காருவது.

அவரிடம் பேசுவது

எதிரே நின்று பேச வேண்டாம். பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில், அவர் எழுந்து போக வழி விட்டு உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். கூட்டமாகப் போகாதீர்கள், நான்கு பேர் சேர்ந்து வந்தால் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். முன்பு அப்படி நடந்திருக்கவும் கூடும்.

"பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்குள்ளே இருந்து பேசுகிறான்" என்று அவர் சொன்னால் மறுத்து வாதாடாதீர்கள், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு அது கேட்கல்ல. ஆனா உங்களுக்கு அது எவ்வளவு தொல்லைன்னு தெரியுது" என்று சொல்லலாம். இது பொய்யும் இல்லை, அவரைக் காயப்படுத்துவதும் இல்லை. பிறகு மூன்று கேள்விகள்: இப்போது எது உங்களுக்குப் பெரிய கஷ்டம்? யாரை நம்புகிறீர்கள்? நான் யாரிடம் எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? பதில்களை ஒரு நோட்டில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, சம்மதமென்றால் கையெழுத்து வாங்குங்கள். பிற்பாடு, 'இவர் யார், உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று எந்த மேசையில் கேட்டாலும் இந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

'அவருக்குத்தான் சுயநினைவு இல்லையே, எதைக் கேட்பது' என்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. சிகிச்சை குறித்த தகவலைப் புரிந்துகொள்ளவும், முடிவின் விளைவை உணரவும், தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கவும் முடிந்த எவரும் முடிவெடுக்கும் திறன் உள்ளவரே என்கிறது 4ஆம் பிரிவு. அவர் எடுத்த முடிவு நமக்குத் தப்பாகப் படுகிறது என்பதால் திறன் இல்லை என்று ஆகிவிடாது. இந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பல அலுவலகங்களில் 1987ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் பழக்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் சந்திக்கப்போகும் தடைகளில் பாதி அங்கிருந்துதான் வரும்.

தெளிவாக இருக்கும் நாளில் எழுத வேண்டிய இரண்டு தாள்கள்

நோய் தணிந்து அவர் நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை இவை. நோய் ஏறிய பிறகு எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒன்று, நியமனப் பிரதிநிதி. 'எனக்கு முடியாமல் போகும்போது சிகிச்சை விஷயத்தில் இன்னார் துணை நிற்பார்' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இட்டால் போதும் (14ஆம் பிரிவு). பிரதிநிதி 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, வளைகுடாவில் இருக்கும் மகனின் பெயரை எழுதிவிடுவது. பணம் அனுப்புகிறவர் அவர்தான், உண்மை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு வார்டில் கையெழுத்துப் போட அவர் வர முடியாது. அரை மணி நேரத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரக்கூடிய ஒருவரை எழுதச் சொல்லுங்கள். யாரையும் எழுதாவிட்டால் அந்த இடம் முதலில் உறவினருக்குத்தான் போகும். அந்த உறவினரே சொத்துத் தகராறில் எதிர்க்கட்சியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, முன்கூட்டிய அறிவுறுத்தல் (5ஆம் பிரிவு). எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்பதை இதில் எழுதலாம். 'நல்லபடியா பாத்துக்கணும்' என்று எழுதிப் பயனில்லை. 'இன்ன மாத்திரையில் எனக்குக் கழுத்து இழுத்துக்கொண்டது, அது வேண்டாம்', 'என்னைச் சேர்த்தால் என் தங்கைக்கு மட்டும் சொல்லுங்கள்' என்று குறிப்பாக எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் (நோயாளிகளின் உரிமைகளைக் காக்க இந்தச் சட்டம் அமைத்த வாரியம்) பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. அவசரச் சிகிச்சைக்கு இந்தத் தாள் பொருந்தாது என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாந்துவிட்டதாக நினைப்பார்.

வாயில் வரும் சொற்கள்

கிறுக்கு, மெண்டல், லூசு. மேற்கே போனால் பிராந்து, ஊளம்பாறை. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் காலத்து மனநல மருத்துவமனை உள்ள இடத்தின் பெயர் இன்றும் வசையாகவே புழங்குகிறது. ஊர்க்கூட்டத்தில் இந்தச் சொற்களைத் திருத்தப் போனால் சிரிப்புதான் கிளம்பும். திருத்துவதைவிட நீங்கள் வேறு சொல்லில் பேசிக்கொண்டே இருப்பது பலிக்கும். 'மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்', அதைவிட நல்லது அவருடைய பெயர். பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ மட்டும் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 92ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதைப் பெரும்பாலும் ஒருமுறை வாயால் சொன்னாலே போதும்.

இன்னொன்று: கை நடுக்கம், விறைத்த நடை, எச்சில் ஒழுகுவது, உணர்ச்சியற்ற முகம். இவற்றைப் பார்த்துத்தான் ஊர் 'பைத்தியம்' என்கிறது. பல நேரங்களில் இவை மருந்தின் பக்கவிளைவு, நோய் அல்ல. மருந்தளவை மாற்றியோ கூட ஒரு மாத்திரை சேர்த்தோ டாக்டரால் குறைக்க முடியும். அடுத்த ஓபி நாளில் இதைச் சொல்லவைப்பதும் அவருக்காகப் பேசுவதுதான்.

வீட்டில் கட்டிப் போட்டிருந்தால்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இப்போதைய சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கட்டிப் போட்ட வீட்டுக்குள் போனவுடன் சட்டத்தைப் பேசினால் காரியம் கெட்டுவிடும். இரண்டே நாளில் அவரை வேறொரு ஊருக்கு, வேறொரு காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்கள். உங்களுக்குக் கதவு மூடிவிடும், அவருக்கும்தான்.

வாசலில் முதலில் கேட்க வேண்டியது, "ராத்திரி நீங்க நல்லா உறங்கி எத்தன நாளாச்சுக்கா?" என்பது. கட்டிப் போட்ட அம்மாவும் அக்காவும் கொடுமைக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தடவை ஓடிப்போய் ரோட்டில் அடிபட்டிருப்பார், கிணற்றடியில் நின்றிருப்பார், பெண்ணாக இருந்தால் அந்தப் பயமே வேறு. அதைக் கேட்டு முடித்த பிறகு, சங்கிலிக்குப் பதிலாக என்ன தரப்போகிறீர்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வரிசை இதுதான். முதலில் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பக்கத்தில் எந்த நாளில் எங்கே வருகிறது என்று கேளுங்கள். அவரைக் கூட்டிப் போக முடியாவிட்டால் வீட்டுக்கு வந்து பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். ராத்திரியிலும் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416. சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் கட்டு அவிழ்க்கும் நாளுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். அன்று கூட இருக்க இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வையுங்கள். குடும்பத்திடம் பொய்யான நம்பிக்கையும் தராதீர்கள். உறக்கம் முதல் சில நாட்களிலேயே திரும்பலாம், ஆனால் குரல் கேட்பதும் சந்தேகமும் குறைய வாரக்கணக்கில் ஆகும். 'நாலு நாள் மாத்திரை கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று மறுபடி கட்டிவிடுவது இதைச் சொல்லாததால்தான்.

கோயில், தர்கா, ஜெபக்கூடம் இவற்றோடு சண்டை போட வேண்டாம். 'நேர்ச்சையையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம்' என்றால் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களே அதிகம். அடி, சூடு, பட்டினி போடுவது ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சமரசமும் கிடையாது.

எவ்வளவு பேசியும் நடக்கவில்லை, அவருக்கு ஆபத்து என்றால் 101ஆம் பிரிவு. வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிக்காமல் விடப்படுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பகுதி காவல் நிலைய அதிகாரியிடம் தகவல் தரலாம். அதிகாரி அதைக் குற்றவியல் நடுவருக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். நடுவர் அவரை நேரில் வரவழைத்துப் பார்த்து, பரிசோதனைக்கும் சிகிச்சைக்குமாக அரசு மனநல நிலையத்துக்கு அனுப்பலாம். 102ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 10 நாள் வரை அங்கே வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம்.

மனு இப்படி இருக்கட்டும்:

பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ______ காவல் நிலையம்.
பொருள்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 101இன் கீழ் தகவல்.
ஐயா, ______ ஊரில் ______ வீட்டின் பின்புறக் கொட்டகையில், சுமார் 35 வயதுள்ள ஒருவர் காலில் சங்கிலியுடன் இருப்பதை ______ தேதி மாலை 4 மணிக்கு நேரில் பார்த்தேன். காலில் புண் உள்ளது. சிகிச்சை நடப்பதாகத் தெரியவில்லை. இதை நடுவர் அவர்களுக்கு அறிக்கையாக அனுப்பி, அவர் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தார் மீது வழக்குத் தொடர வேண்டும் என்பது என் நோக்கம் அல்ல.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மனு நகர்வதும் முடங்குவதும் பல நேரம் அந்த வரியில்தான் இருக்கிறது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'பல வருடமாக' என்று நீங்கள் பார்க்காத எதையும் எழுத வேண்டாம். மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே மனுவைப் பதிவு செய்த ஸ்பீடு போஸ்ட்டில் நாகர்கோவிலில் உள்ள காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள்.

கடைசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள்

கன்னியாகுமரி ரயில் பாதையின் முனை. திப்ருகரிலிருந்தும் காட்ராவிலிருந்தும் வரும் வண்டிகள் இங்கே நின்றுவிடுகின்றன. மனநிலை குழம்பி எங்கோ ஏறியவர், வண்டி அதற்குமேல் போகாததால் இங்கே இறங்குகிறார். அதனால்தான் கடற்கரையிலும் ஸ்டேஷன் வாசலிலும் தமிழ் தெரியாத முகங்களை இவ்வளவு பார்க்கிறோம்.

100ஆம் பிரிவு சொல்வது: தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைத் தன் எல்லைக்குள் கண்டால் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும்.

இங்கேதான் பழைய பழக்கம் தலைகாட்டும். போலீஸ் ஸ்டேஷனில் "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். ஆஸ்பத்திரியில் "ஆதார் இருக்கா, அட்டெண்டர் யாரு" என்பார்கள். நடுவரிடம் முதலில் உத்தரவு வாங்குவது 1987 சட்டத்தின் நடைமுறை. இப்போது 100ஆம் பிரிவில் அது தேவையில்லை. 18ஆம் பிரிவின்படி வீடற்றவருக்கு அரசு நிலையத்தில் வறுமைக்கோட்டு அட்டை இல்லாமலே இலவசச் சிகிச்சை உண்டு. இந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் அரைப்பக்கத்தில் அச்சிட்டுப் பையில் வைத்திருங்கள். வாய்ச்சண்டையை அந்தத் தாள் பாதியாகக் குறைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துவிட்டு, எட்ட நின்று அவர் என்ன மொழி பேசுகிறார் என்று கேளுங்கள். ஊர்ப் பெயரைவிட ஆறு, சந்தை, பள்ளிக்கூடம், பக்கத்து ஸ்டேஷன் பெயர்கள் சில நேரம் சீக்கிரம் வரும். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். அந்த மொழி தெரிந்த கட்டட வேலைக்காரரோ ஹோட்டல் பணியாளரோ பிறகு அவிழ்த்துக் கொடுப்பார். 112க்கோ 108க்கோ அழைக்கும்போது இடத்தையும் நேரத்தையும், காயம் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதது, படமெடுத்துப் போடுவது. 'இவரைத் தெரிந்தவர்கள் பகிரவும்' என்று நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். கிழிந்த உடையோடு எடுத்த அந்தப் படம், அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகும் ஊர் ஊராகச் சுற்றும். அதற்கப்புறம் அவருக்கு வேலையும் கிடைக்காது, வரனும் அமையாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதை 24ஆம் பிரிவு தடுக்கிறது. படம் வேண்டியது போலீஸின் தேடல் வேலைக்கு. அதை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். முடி வெட்டி, குளிப்பாட்டி, 'முன்', 'பின்' என்று படம் போடும் வழக்கமும் இதில் சேர்த்தி. கட்டாய மொட்டை கூடாது என்று 20ஆம் பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறது.

வார்டிலும் காப்பகத்திலும்

சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்ப்பதென்றால் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். சேர்த்தால் 30 நாள் வரைதான். 7 நாளுக்குள், பெண்கள், சிறார் என்றால் 3 நாளுக்குள், மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும் (89ஆம் பிரிவு). இந்தச் சேர்க்கை தவறு என்று நோயாளியோ பிரதிநிதியோ வாரியத்தில் விண்ணப்பித்தால் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் இல்லை.

வாரியத்தின் முகவரிக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒவ்வொரு மனநல நிலையமும் அதைத் தொலைபேசி எண்ணோடு கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், வாரியத்துக்கு இலவசமாகப் பேசவும் விட வேண்டும் என்கிறது 72ஆம் பிரிவு. ஒரு காப்பகத்துக்குள் போனால் முதலில் சுவரைப் பாருங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? வாரியத்தின் எண் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அங்கே மற்றவையும் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். பிறகு கழிப்பறைக்குக் கதவு உண்டா, பெண்களுக்கு மாதவிடாய்த் துணி தருகிறார்களா, சொந்த உடை போட விடுகிறார்களா, வீட்டுக்குப் போன் பேச விடுகிறார்களா, தோட்ட வேலையும் சமையல் வேலையும் செய்தால் கூலி உண்டா என்று பாருங்கள். அன்பு, சேவை என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். கூலி இல்லாத வேலையைச் சட்டம் ஏற்பதில்லை.

குணமான பிறகும் 'வீட்டில் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்' என்று வருடக்கணக்கில் வைத்திருப்பது இன்னொரு வகை. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பது 19ஆம் பிரிவு. வீட்டில் வாழும் உரிமைக்குச் சட்ட உதவி கேட்கவும் அதிலேயே வழி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம். பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் பக்கத்தவர்கள் அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே விசாரிக்கலாம். போனில் 15100.

ஊனச் சான்று: பெரும்பாலும் தவறுவது இங்கே

மனநோயும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. 40 சதவீதம் என்ற சான்று கிடைத்தால்தான் உதவித்தொகை, பயணச் சலுகை, வேலை ஒதுக்கீடு போன்ற எதற்கும் விண்ணப்பிக்கவே முடியும். மதிப்பீடு ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு 4 வீதம் 20 மதிப்பெண்ணுக்கு நடக்கும்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை, நோயின் காலம். 7 வந்தால் 40 சதவீதம்.

தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, அன்றைக்கு வீட்டார் அவரைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, "டாக்டர் கேட்டா ஒழுங்கா பதில் சொல்லு" என்று பாடம் சொல்லிக் கூட்டிவருவார்கள். பார்க்கிற டாக்டருக்குக் குறையே தெரியாது. பொய் சொல்லச் சொல்லவில்லை; போன மாதம் எத்தனை நாள் குளித்தார், யார் சொல்லிக் குளித்தார், எத்தனை நாள் வேலைக்குப் போனார், கடைக்குத் தனியாகப் போவாரா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள். இரண்டாவது, ஓபி சீட்டு. நோய் 10 ஆண்டுக்கு மேல் என்றால் அந்தத் தலைப்பில் முழு 4 மதிப்பெண். ஆனால் பழைய சீட்டுகளை யாரும் எடுத்து வைத்திருப்பதில்லை. கிழிந்தாலும், மழையில் நனைந்தாலும், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தனித்துவ அடையாள அட்டைக்கான பதிவு, முகாம் நாள், எந்த உதவித்தொகைக்கு எவ்வளவு சதவீதம் வேண்டும் என்பதையெல்லாம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். சிலருக்கு இந்தச் சான்றே வேண்டாம் என்றிருக்கும். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பார்கள். அது அவர்களுடைய முடிவு, வற்புறுத்தாதீர்கள்.

வேலை, வங்கி, காப்பீடு, ஓட்டு

முதலாளியிடம் போகும்போது நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தேவையை மட்டும் சொன்னால் போதும். ரப்பர் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழ வேண்டும். ராத்திரி 10 மணிக்குப் போட்ட மாத்திரையின் மயக்கம் அப்போதும் தீர்ந்திருக்காது, கத்தி கையில் இருக்கும். வேலையை விட்டு நிற்பதற்கு முன்னால், மாத்திரையைச் சாயங்காலமே போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் பல வாரம் கரைக்கு வர மாட்டார்கள். அத்தனை நாளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும் என்று ஓபியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறும் என்பதைப் படகில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும், அவர் சம்மதித்தால்.

அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் நோய் வந்தால் அதற்காகப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்ய முடியாது (2016 சட்டம், 20ஆம் பிரிவு). மனநோயால் நேர்ந்த நடத்தைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் மறைமுகப் பாகுபாடே என்று 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வங்கியில் 'கார்டியன் சர்டிபிகேட்' கேட்டு, குடும்பத்தைக் கலெக்டர் அலுவலகத்தின் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்புவார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அந்தக் குழு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே. மனநோய்க்கு அங்கே பாதுகாவலர் சான்று கிடைக்காது. இந்த ஒரு விவரம் தெரியாமல் மாதக்கணக்கில் நடந்தவர்கள் நிறைய. உண்மையிலேயே தேவைப்பட்டால் 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவில் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் கேட்கலாம். பெரும்பாலும் தேவைப்படுவதில்லை: மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார் என்பதால் ஒருவர் சித்தசுவாதீனம் அற்றவர் என்று ஆகிவிடுவதில்லை, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். ஓட்டுரிமைக்கும் இதேதான்.

மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் இடம் தர வேண்டும் (மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவு). மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பொறுங்கள். அதன்பின் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மனு எழுதும் கை

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான்கு பக்க மனுக்கள் எத்தனையோ வருகின்றன. ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. சான்றிதழ், வீட்டுத் தகராறு, வேலை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மனு மூன்று துறைக்கும் பொதுவாகப் போய், எந்தத் துறைக்கும் சொந்தமாகாமல் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு திரும்பும். மூன்று மனுவாகக் கொடுங்கள். நோய் விவரம், மாத்திரைப் பெயர், வார்டுக் கதை எதுவும் மனுவில் வேண்டாம். மனு எத்தனை மேசை கடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மனு எண்ணைக் குறித்து வைத்து, 30 நாள் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: 'எனது ______ எண் மனு தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது? இதுவரை எடுத்த நடவடிக்கையின் நகல் தரவும்.' ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது. நகல் கேட்டால் வரும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் விஷயத்தில் மட்டும் ஒன்றைத் தனியாக நினைவில் வையுங்கள். கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 'கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள், அல்லது வேறு காரணம் சொல்லிச் சேர்க்கிறார்கள். என்ன குடித்தார் என்பதை மறைத்தால் டாக்டர் தவறான மருந்து கொடுக்க நேரிடும். பாட்டிலோ அட்டையோ கிடைத்தால் கூடவே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எல்லாத் தாள்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் போன் எண்ணை அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். எந்த நேரத்தில் நீங்கள் எடுக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.